கொக்கியில் வளர்ந்த கவுன்

காலையில் முப்பத்தெட்டு அங்குலம் இருந்த இடுப்பு, சாயங்காலம் நாற்பத்து மூன்று ஆகியிருந்தது.

மனுஷியின் இடுப்பாக இருந்தால், கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டு வந்திருப்பாள் என்று விட்டுவிடலாம். இது கொக்கியில் தொங்கிய கவுனின் இடுப்பு. அன்ஜும் டேப்பை உதறிவிட்டு மறுபடி அளந்தாள். நாற்பத்து மூன்றேதான்.

தருமபுரியில் பத்து வருஷமாக ஜாக்கெட் தைக்கிறவள் அன்ஜும். பனியன் துணியில் கை வைத்தது இதுதான் முதல் தடவை. துணியைக் கொண்டுவந்தவள் சென்னையில் வேலை பார்க்கும் தேவிப்பிரியா.

"அங்க புழுக்கம் தாங்கல அக்கா. ஒடம்புல ஒட்டாம, காத்தோட்டமா ஒரு கவுன் தைச்சிக் குடுங்க. நல்லா வந்தா ஹாஸ்டல்ல இன்னும் பன்னெண்டு பேரு கேக்குறாங்க. ஞாயித்துக்கிழம பொம்மிடியில எனக்கு ரயிலு."

பன்னிரண்டு கவுன்! அன்ஜுமுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமியார் ரஹமத் பீவிக்கோ துணியைப் பார்த்ததுமே முகம் சுருங்கிவிட்டது.

"பனியன் துணி ஆம்பளைங்க உள்ள போடுறது. அதுல பொம்பளைக்கு உடுப்பா? தூ!"

"இது மட்டும் சரியா வரலன்னா, இனிமே இந்தத் துணியத் தொடவே மாட்டேன் மாமி!" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள் அன்ஜும். ரோஷத்தில் சொன்ன சொல், இப்போது கழுத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

அவளும் ஏனோதானோவென்று தைக்கவில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தைத்தாள். துணியை முதலில் நனைத்துக் காயவைத்தாள். முனை மழுங்கிய ஊசி வாங்கிப் போட்டாள். கீழ்மடிப்பு அடிப்பதற்கு முன்னால் தொங்கவிட வேண்டும், துணி இறங்கி நிற்கும் என்றார்கள். தொங்கவிட்டு, தைத்த ஜாக்கெட்டுகளைப் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கொடுக்க மத்தியானம் போனாள். திரும்பி வந்தால் இந்தக் கூத்து.

"தொங்குனா நீளந்தான கூடணும்? அகலம் எப்படி மாமி கூடும்?"

"என்னையக் கேட்டா? நானும் பக்கத்து வூட்டு நஞ்சம்மாளும் மத்தியானம் பூரா புளிக்குக் கொட்ட எடுத்துக்கிட்டு இருந்தோம். ஒன் கவுனுக்குக் காவலா இருந்தோம்?"

அன்ஜும் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து, முப்பத்தெட்டுக்குக் கொண்டுவந்தாள்.

மறுநாளும் கடைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால், மறுபடி நாற்பத்து மூன்று.

அவளுக்கு எரிச்சலை விட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. இன்னொரு பிடி பிடித்துத் தைத்து, மிஞ்சிய துணித் துண்டு ஒன்றையும் அளந்து கவுனுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டுப் போனாள். வந்து அளந்தால், துண்டு சமர்த்தாக அப்படியே இருந்தது. கவுன் மட்டும் வளர்ந்திருந்தது! மடியில் புளி நார் ஒன்று வேறு ஒட்டியிருந்தது. காற்றில் பறந்து வந்திருக்கும் என்று தட்டிவிட்டாள்.

கவுனின் கனத்தோடு காற்றின் ஈரமும் சேர்ந்துதான் துணியை இழுக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை இன்னும் இறுக்கித் தைத்து, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மாமியிடமே பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பீரோவுக்குள்ளும் கவுன் வளர்ந்தது. இந்தத் தடவை அக்குளில் தையல் வேறு விட்டிருந்தது.

"எல்லாத்தையும் இறுக்கி இறுக்கித் தைக்கிறதே ஒனக்குப் பொழப்பு" என்றாள் ரஹமத் பீவி. "போடுறவ மூச்சு வுட வேணாமா?"

வருஷா வருஷம் சித்திரையில் 'வேகுது, வேகுது' என்று விசிறியும் கையுமாக அலைகிற மாமி, இந்த வாரம் ஒரு வார்த்தை முனகவில்லை. தன் கஷ்டத்தைப் பார்த்துத்தான் அடக்கிக்கொள்கிறாள் என்று அன்ஜுமுக்கு மனசு இளகிப்போனது.

சனிக்கிழமை, பிடித்த இடங்களில் உள்ளே மிஞ்சிய ஓரங்களையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, கவுனைச் சுடுதண்ணீரில் முக்கினாள். சுருங்கியது. அடேயப்பா, நன்றாகவே சுருங்கியது! இழுபட்டிருந்த துணியெல்லாம் பழைய அளவுக்கு வந்துவிட்டது. நாலு நாளாகப் பிடித்துப் பிடித்து வெட்டிய துணிதான் திரும்பி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவிப்பிரியா கவுனைத் தலைவழியாகப் போட்டாள். அது தோளோடு நின்றுகொண்டது. இரண்டு கையும் மேலே தூக்கியபடி நிற்க, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அக்கா! கையி வரல! தலையும் வரல!"

மாமியும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்து, பிள்ளையை வெளியே எடுத்தார்கள். தேவிப்பிரியா முடியைச் சரிசெய்துகொண்டு, "பரவால்லக்கா, ரயிலுக்கு நேரமாச்சு. அந்தப் பன்னெண்டு பேருக்கு ரெடிமேடே வாங்கிக்கச் சொல்லிடறேன்" என்றாள். அன்ஜுமுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் ரஹமத் பீவி. "பனியன் துணி ஒரு துணியா? அத மானமுள்ள பொம்பள தொடுவாளா?"

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் மடித்த துணியோடு உள்ளே வந்தாள் நஞ்சம்மாள்.

"அன்ஜு கண்ணு, எனக்கும் பனியன் துணியில ஒண்ணு தைச்சிக் குடு. தெனமும் மத்தியானம் ஒங்க மாமி அந்தக் கவுன மாட்டிக்கிட்டு, காலு ரெண்டையும் நீட்டி ஒக்காந்து, ஜிலுஜிலுன்னு புளிக்குக் கொட்ட எடுக்கறதப் பாத்தா, எனக்கே ஆசையா இருக்குது!"