பேராயர் தொப்பியும் என் கல்யாணமும்

புதிதாகப் படித்தவனின் வாயைப் பூட்ட இன்னும் பூட்டு கண்டுபிடிக்கவில்லை. நர்சிங் முடித்த புதிதில் எனக்கும் அதே வியாதி இருந்தது.

குன்னத்துகால் பக்கத்தில் எங்கள் சபை. வளர்ந்த பிள்ளைகளைத் தலையில் கைவைத்துச் சபையின் முழு அங்கத்தினராக்கும் திடப்படுத்தல் ஆராதனைக்குப் பேராயர் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பாடகர் குழுவின் வேன் பாறசாலையில் மாட்டிக்கொண்டது. "அவங்க வாறது வரைக்கும் இதயத்தப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லு மக்கா" என்று சபைச் செயலாளர் என்னிடம் மைக்கை நீட்டினார். அவர் மகள் ஜெஸியைத்தான் எங்கள் வீட்டில் எனக்குக் கேட்டிருந்தார்கள். "ஞாயிறு கழியட்டு, சொல்லுதேன்" என்றிருந்தார் மனிதர். (எனக்கு அது மைக்காகவா தெரியும்? தாலியாகத்தான் தெரிந்தது.)

இதயத்தில் மைட்ரல் வால்வு என்று ஒன்று உண்டு. பேராயர்கள் வைக்கும் மைட்டர் தொப்பி மாதிரி இரண்டு மடல் இருப்பதால்தான் அந்தப் பெயர் என்றேன். அதோடு இறங்கியிருக்கலாம். பேராயரின் மடியிலேயே தொப்பி இருந்து தொலைத்தது. கேட்டேன். தங்கமான மனிதர், கொடுத்துவிட்டார்.

தலைகீழாகப் பிடித்து, மடல்களை 'லப்... டப்...' என்று திறந்து மூடிக் காட்டினேன். ஜெஸி சிரித்தாள். போதாதா?

"இனி லீக்கான வால்வப் பாருங்க" என்று ஒரு மடலை வளைத்தேன். உள்ளே இருந்த அட்டை 'டக்' என்று ஒடிந்தது. மைக் புண்ணியத்தில் கடைசி பெஞ்சுக்கும் கேட்டது.

"எலே, என்னலே செஞ்சே?" என்றார் செயலாளர்.

மாற்றுத் தொப்பி கிடையாது. பேராயர் அதையே வைத்துக்கொண்டார். ஒவ்வொரு பிள்ளையின் தலையிலும் கைவைக்கக் குனியும்போதெல்லாம் முன்மடல் அவர் நெற்றியில் விழுந்து தலையாட்டியது. பிள்ளைகள் தோள் குலுங்கச் சிரித்தன. என் கல்யாணமும் அந்த மடலில் தொங்குவதைத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அழுகை வந்தது.

ஆராதனை முடிந்ததும் பேராயர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் செயலாளர் உர்ரென்று நின்றார்.

"தம்பிக்குக் கல்யாணம் ஆச்சா?"

"இந்த ஐயாதான் சொல்லணும்" என்றேன்.

பேராயர் ஒரு கையால் மடலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செயலாளரிடம் சொன்னார்: "சீக்கிரம் கட்டி வையும். பிடிக்க ஆளில்லாம விட்டா அடுத்த பேராயர் தொப்பியும் மிஞ்சாது."

கட்டி வைத்தார்.

போன மாதம் என் மகளுக்குத் திடப்படுத்தல். புதுப் பேராயர், புதுத் தொப்பி. ஆராதனை முடியும்வரை என் ஒரு கையை ஜெஸி பிடித்திருந்தாள். இன்னொரு கை மாமனாரிடம் இருந்தது.