குரலுக்கு ஒரு மாத்திரை

காலை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல், அறிவிப்பாளர் வாயைத் திறந்து மனைவியிடம் காட்டினார்.

"வாய்க்குள்ள என்னங்க தெரியும்? போட்டாச்சு, கிளம்புங்க," என்றாள் மனைவி.

எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று நிலையத்தின் மைக்கில் சொல்வது அவர் வேலை. வெளிச் சத்தம் எட்டாத கண்ணாடி அறை. உள்ளே அவர் மனம் போடும் சத்தமே போதுமானதாக இருந்தது. நான்கு என்று சொல்ல வாயெடுப்பார். கண்ணாடியில் ஓர் ஈ உட்காரும். ஏழு என்று வந்துவிடும். துறைமுகத்துக்குப் போக வேண்டிய கால்பந்துக் குழு ஒன்று, பந்தோடு மலையுச்சியில் போய் இறங்கியது.

"இன்னும் ஒரு புகார் வந்தா உங்களை என்னால காப்பாத்த முடியாது," என்றார் மேனேஜர்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தக் கவனச் சிதறலுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் என்றார். அதுவரை அறிவிப்பாளர் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருந்தார். அழுகை வந்தது. அழும்போதே மேசையிலிருந்த ஸ்டேப்ளர் கவனத்தை இழுத்துக்கொண்டது.

காலை மாத்திரை வேலை செய்தது. மத்தியானம் வரைக்கும். அப்புறம் மனசு பள்ளிக்கூடம் விட்ட மாதிரி ஓடியது. மத்தியானத்துக்கு ஒரு சின்ன மாத்திரை சேர்ந்தது, தூக்கம் போனது. தூக்கத்துக்கு ஒன்று சேர்ந்தது. வந்த தூக்கம் விடிந்த பிறகும் எழுந்து போகவில்லை. பசி மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது.

"சட்டைக்குள்ள நீங்க இருக்கீங்களா, ஹேங்கர் இருக்கா?" மனைவி தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "டாக்டர்கிட்ட சொல்லி நிறுத்திடலாங்க. பயமா இருக்கு."

"நிறுத்தினா வேலை போயிடும்மா. இப்ப ஒரு புகார்கூட வரல, தெரியுமா?"

உண்மைதான். மேனேஜரே தோளில் தட்டியிருந்தார். "பிரமாதம்! பயணிங்க யாரும் வாயே தொறக்கல. நீங்க ஒண்ணும் அலட்டிக்காதீங்க, நிம்மதியா உட்காருங்க."

நிம்மதியாகத்தான் உட்கார்ந்திருப்பார். மாத்திரையால் நாக்கு வறண்டது. தண்ணீராகக் குடித்தார். அது அவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போனது. அங்கே நின்றபோதுதான் கேட்டது.

"துறைமுகம் செல்லும் பேருந்து நான்காம் நடைமேடையில்..."

அவருடைய குரல். எதிரே கண்ணாடியில் பார்த்தார். வாய் மூடித்தான் இருந்தது.

பக்கத்தில் நின்றவரிடம் கேட்கலாம். ஆனால், "என் குரல் உங்களுக்கும் கேக்குதா?" என்று கழிப்பறையில் விசாரிக்கிற ஆளை யார் வேலையில் வைத்திருப்பார்கள்?

டாக்டரின் முகம் மாறியது. "அந்தக் குரல் என்ன சொல்லுது?"

"பஸ் நிக்கிற இடம் சொல்லுது, டாக்டர்."

"கெட்டதா ஏதாவது?"

"சில சமயம் தாமதம்னு சொல்லுது."

மத்தியான மாத்திரை அன்றைக்கே நின்றது. குரல் நிற்கவில்லை. காலை மாத்திரை பாதியானது. குரல் முழுசாகவே கேட்டது. கேன்டீனில் கேட்டது, வாசலில் கேட்டது. கடைசியில் குரலுக்கென்றே ஒரு மாத்திரை வந்தது. அதைப் போட்டதும் கை நடுங்க ஆரம்பித்தது.

அன்று மாலை மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க குரல் எனக்குப் பிடிச்ச குரல்தானே. ரெண்டா இருந்துட்டுப் போகட்டுமே."

"அது ஒரு தடவைகூடத் தப்பு பண்ணலம்மா," என்றார் அவர் மெதுவாக. "அதான் பயமா இருக்கு."

அவள் கையை விடவில்லை.

மறுநாள் கண்ணாடி அறைக்கு டியூப்லைட் மாற்ற எலக்ட்ரீஷியன் வந்தான். நடுங்கும் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, ஓர் ஈயைக்கூடப் பார்க்காமல், வியர்க்க விறுவிறுக்க அறிவிப்பாளர் மைக்கில் ஊர் ஊராகச் சொல்லி முடித்தார். அவன் ஏணியில் பாதியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியா சொன்னேனா தம்பி? தப்பு ஒண்ணும் இல்லியே?"

எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தான்.

"இந்த மைக் வயரை நான் கழட்டி எவ்வளவு நாளாச்சுண்ணே! உங்க குரலைப் பதிவு பண்ணியாச்சு, இனிமே அதுவே பேசிக்கும், நீங்க சும்மா உட்கார்ந்திருந்தா போதும்னு மேனேஜர் சொன்னப்போ, நீங்களும் நல்லா தலையாட்டுனீங்களே?"