பத்துப் பேருக்கு அனுப்பாத மோடம் மிஸ்

கோயமுத்தூரில் இன்டர்நெட்டுக்கே மரியாதை சொல்லிக்கொடுத்த ஒரே ஆள் எங்கள் மோடம் மிஸ்தான். ஊருக்குள் அது முழுசாக வந்து சேர்வதற்கு முன்பே, அதைக் கைகட்டி உட்கார வைத்துவிடக் கிளம்பியவர்.

தொண்ணூறுகளின் கடைசி. பீளமேட்டுப் பக்கம் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். மதியமானால் தொண்டை வற்றிவிடும். கால் வீங்கிவிடும். திருத்தாத நோட்டுகள் மேசையை மறைத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரம் பார்த்து, கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் மோடம் மிஸ் ஐந்தாவது பீரியடுக்குக் கதவருகே வந்து நிற்பார்.

"ஏனுங்க மிஸ், புள்ளைங்களக் கூட்டிட்டுப் போகட்டுங்களா? நீங்களும் வந்துருங்க. ஒரு ஆளுக்கு அடங்க மாட்டாங்க."

பள்ளியில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். ஆபீஸ் போன் ஒயரைப் பிடுங்கி, இன்டர்நெட்டை இழுத்துவரும் மோடம் பெட்டியில் செருகினால், அது கீச்சிட்டு, கரகரத்து, கடைசியில் தொண்டையைக் காறும். வகுப்பு மொத்தமும் கூடவே அதேபோல் கத்தும். மிஸ்ஸுக்குப் பெயர் வந்ததும் அதனால்தான், எனக்குத் தலைவலி வந்ததும் அதனால்தான்.

மற்ற பள்ளிகளில் கம்ப்யூட்டரில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். இவரோ, மெயிலைத் திறக்கும் முன் கைகழுவச் சொன்னார். முகம் தெரியாத ஆளிடம் வீட்டு விலாசம் சொல்லக்கூடாது என்று தினமும் ஒப்பிக்க வைத்தார். பாஸ்வேர்டு தட்டும்போது எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும்.

"நானுமாங்க மிஸ்?"

"பாஸ்வேர்டுக்குப் பெரியவங்க சின்னவங்க கெடையாதுங்க."

வீங்கின காலோடு நானும் சுவரைப் பார்த்து நிற்பேன்.

ஈரோட்டில் ஒரு பள்ளிப் பிள்ளைகளோடு எங்கள் வகுப்பு மெயில் எழுதிக்கொண்டிருந்தது. ஒருநாள் அங்கிருந்து இப்படி வந்தது: 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பவும். அனுப்பாவிட்டால் நாளைக்குள் கெட்டது நடக்கும்.' மிஸ் வாசித்து முடிப்பதற்குள் முன்வரிசையில் அழுகை தொடங்கிவிட்டது.

"மிஸ், நமக்குப் பத்துப் பேரத் தெரியாதுங்களே!"

உண்மைதான். அப்போது மெயில் விலாசம் வைத்திருந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"நம்மள ஒருத்தரு பயமுறுத்தினா, நாம இன்னும் பத்துப் பேரப் பயமுறுத்தறதா கண்ணு?" என்றார் மிஸ். "நான் அனுப்ப மாட்டேன். வர்ற கெட்டது எனக்கே வரட்டும். நாளைக்குக் காலைல கல்லாட்ட வந்து நிக்கறேன், பாருங்க."

மறுநாள் பிரேயரில் மிஸ்ஸைக் காணோம். பள்ளிக்கு வரும் வழியில் மொபெட்டோடு குழியில் விழுந்து வலது கை முறிந்துவிட்டது என்று செய்தி மட்டும் வந்தது.

மூன்றாம் வகுப்பு போட்ட கூச்சலை நான் வர்ணிக்கப் போவதில்லை, இன்றைக்கும் காது அடைக்கிறது. மதியத்துக்குள் கேட்டில் தாய்மார்கள் கூடிவிட்டார்கள். "நேத்து ராத்திரியிலருந்து எம்புள்ள சோறே திங்க மாட்டேங்கறானுங்க" என்றார் ஒருவர். பள்ளியை நடத்திய கரஸ்பாண்டன்ட் பயந்துபோய், "கம்ப்யூட்டர் ரூமைப் பூட்டுங்க. அந்தப் பீரியடுல இனிமே கணக்கு" என்று சொல்லிவிட்டார். அந்தப் பாடத்தோடு மிஸ்ஸின் வேலையும் போகும் என்பது எங்களுக்குப் புரிந்தது.

அதற்கடுத்த நாள் மாவுக்கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். யாரிடமும் விவாதம் பண்ணவில்லை.

"வாங்க கண்ணுகளா, கெட்டது எங்க இருக்குதுன்னு காட்டறேன்."

பிள்ளைகள், தாய்மார்கள், கரஸ்பாண்டன்ட், கடைசியில் நான் என்று ஊர்வலமாகத் தெருமுனைக்குப் போனோம். யாரோ தோண்டி, மூடாமல் விட்டுப்போன குழி. "மெயில் வராட்டியும் இதுல விழுவாங்க" என்று மிஸ் தொடங்கியபோதே, இத்தனை கூட்டம் எதற்கு என்று எங்களையே பார்த்துக்கொண்டு வந்த பால்காரர் சைக்கிளோடு அதற்குள் சரிந்தார். நல்லவேளை, அடி இல்லை.

மிஸ் எட்டிப் பார்த்தார். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு மெயில் ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"மயிலுங்களா? நான் ஒண்ணையும் பாக்கலீங்களே அம்மணி!"

முதலில் ஒரு குழந்தை சிரித்தது. பிறகு தெருவே சிரித்தது. அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் ஒரு டிபன்பாக்ஸிலும் மிச்சம் இல்லை.

கரஸ்பாண்டன்ட் மட்டும் சிரிக்கவில்லை. வரும் வழியில் மிஸ்ஸை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்க மிஸ், அனுப்பின அந்த ஈரோட்டு மெயிலத் திருப்பி வாங்க முடியுங்களா?"

"பத்துப் பேருக்கும் அனுப்பிப்போட்டீங்களா சார்?"

"நீங்க விழுந்தீங்கன்னு கேட்டதும் கை நிக்கலீங்க. மத்த ஸ்கூலுங்க விலாசமெல்லாம் தேடிப் பதினொண்ணு. ஒண்ணு சேப்டிக்கு."

மிஸ் அவரைத் திட்டவில்லை. பதினொரு பேருக்கும் மன்னிப்பு மெயில் எழுத வைத்தார், கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லித்தான். கணக்குப் பாடம் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை.

கட்டுப் பிரிக்கும்வரை மிஸ்ஸுக்காகத் தட்டச்சு செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அலுத்துக்கொண்டே போனேன். ஒரு எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் உயிர் போனது. கட்டுப் பிரித்த மறுநாள், "நானே பாத்துக்கறேனுங்க மிஸ், நீங்க செத்த நேரம் உக்காருங்க" என்றார். ஐந்தாவது பீரியட் முழுக்கக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்த நாள் அவர் கதவருகே வந்து நிற்பதற்குள், நான் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, கடைசியில் நானும் நின்றுகொண்டேன்.