மெர்டேக்கா தாத்தாவின் ஒரு வரிப் பதில்

மெர்டேக்கா தாத்தாவைக் கேட்காமல் இந்த மலேசியாவில் எதுவுமே நடந்ததில்லை. மெர்டேக்கா எனும் சுதந்திரம் வந்த நாளில் சிரம்பான் திடலில் கொடி ஏறியதுகூட அவருக்காகக் கொஞ்சம் தாமதமாகத்தானாம். அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்த சின்னப் பையனான தான், "ஒண்ணுக்கு வருது" என்று இறங்கி ஓடித் திரும்பும்வரை கொடி காத்திருந்ததாகச் சத்தியம் செய்வார்.

மந்தின் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில் கடைசி வீடு அவருடையது. ஓய்வு பெற்ற லோரி டிரைவர். யாருக்கு என்ன வயது என்று அவரிடம்தான் கேட்போம். "உங்கம்மாவா? சிங்கப்பூர் பிரிஞ்சு நாலாம் மாசம்" என்பார். அதோடு விடமாட்டார். பிரிந்த அன்று அன்னாசி லோரியில் ஏறிச் சிங்கப்பூர் போயிருந்தாராம். "போறப்ப ஒரு நாடு, வர்றப்ப ரெண்டு நாடு. லோரி மட்டும் ஒண்ணுதான் லா."

அப்படிப்பட்டவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அவர் தோட்டத்தில் பிறந்ததை யாரும் பதியவில்லை. அதனால் குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. "சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது ஓட்டுப் போடணும்மா" என்பார். விண்ணப்பித்து, நேர்காணலில் இரண்டு தடவை தோற்றார். முதல் தடவை பெயரைக் கேட்டதற்குக் கொடியேற்றத்திலிருந்து ஆரம்பித்தாராம். இரண்டாம் தடவை அதிகாரியையே கேள்வி கேட்டாராம்.

மூன்றாம் தடவை அவரைத் தயார்ப்படுத்தும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கல்யாணமாகிச் சிரம்பான் தெமியாங்கில் கைக்குழந்தையோடு இருந்தேன்.

"கேட்டதுக்கு மட்டும் பதில், தாத்தா. ஒரே வரி."

"ஒரு வரியில முடிக்க, நாடு என்ன பஸ் டிக்கெட்டா?"

"நான் இருமினா நிறுத்திடணும்."

"உனக்கு நெசமாவே இருமல் வந்தா?"

அதை நான் யோசிக்கவில்லை. அந்த வாரம் முழுக்க இஞ்சித் தண்ணீர் குடித்தேன்.

நேர்காணல் அறையில் தாத்தாவுக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். அதிகாரி என் வயதுள்ள மலாய்ப் பெண். மெர்டேக்கா எந்த வருடம் என்று கேட்டார். "1957." மலேசியா உருவானது? "1963." சிங்கப்பூர் பிரிந்தது? "1965." சொல்லிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு புடைத்தது.

அதிகாரி கோப்பை மூடிவிட்டு, சிரித்தபடி, மலாயில் மாமா முறை வைத்துச் சும்மா கேட்டார். "அன்னிக்கெல்லாம் நீங்க எங்க இருந்தீங்க, பாக்சிக்?"

தாத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இரும வேண்டிய இடம் அதுதான். அந்த முகத்தைப் பார்த்து எப்படி இருமுவது?

"சொல்லுங்க தாத்தா" என்றேன்.

முக்கால் மணி நேரம். வெளியே காத்திருந்தவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார்கள். அதிகாரி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானே காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று மாதக்கணக்கில் புலம்பினேன். என் கணவர் காதில் பஞ்சு வைக்காத குறை.

குடிமக்களுக்கான நீல அட்டை வந்தது.

அடுத்த தேர்தலில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் காத்திருந்தேன். தாத்தாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். உள்ளே யாரையோ பிடித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். ஒருவழியாக, மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

"யார்கிட்ட பேசிட்டிருந்தீங்க?"

"யார்கிட்டயும் இல்லம்மா. ஓட்டுச் சீட்டக் கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன்."

வாசலைத் தாண்டியும் நகராமல், திரும்பி அந்தக் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் பசியில் சிணுங்கினாள். "போலாமா?" என்று கேட்க வாயெடுத்தேன். பிறகு பிஸ்கட் ஒன்றை மகள் கையில் கொடுத்துவிட்டு, நானும் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.