சடையன் அமைதி பழகிய கதை

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்து எல்லாரும் வீடு கட்டிக்கொண்டு கௌரவமாக வாழத் தொடங்கிய காலத்தில், பூங்காவனம் என்றொரு கரடி இருந்தாள். கொல்லையில் கோழி வளர்த்தாள். காவலுக்கு ஆள் வேண்டுமே என்று, சந்தைக் குப்பைமேட்டில் கிடந்த சடையன் என்ற நாயைக் கூட்டிவந்தாள்.

சடையனுக்கு அதுவரை வீடு என்று ஒன்று இருந்ததில்லை. தட்டில் சோறு விழுந்தபோது, யாரோ கைதவறிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்தான்.

ஆனால் வந்த அன்றைக்கே காரியம் கெட்டது. ஒரு கோழி இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு ஓடியது. சடையன் விரட்டினான். அகப்பட்டது ஓர் இறகுதான். அதை வாயில் வைத்துக்கொண்டே பூங்காவனத்தின் முன்னால் போய் நின்றுவிட்டான்.

“இங்க பாரு,” என்றாள் அவள். “கோழிங்க நடுவுல அமைதியா இருக்கப் பழகிக்க. முடியலைன்னா திரும்பக் குப்பைமேடுதான்.”

பழக்குவதற்கு ஆமை வாத்தியார் வந்தார். வீடியோ போட்டுப் பேர் வாங்கியவர். வாழ்நாளில் யாரையும் துரத்தியதில்லை. துரத்தியிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவர் சடையனைக் கொய்யா மரத்தில் கட்டி, கோழிகளைத் தூரத்தில் மேயவிட்டார். கோழியைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பி வாத்தியாரைப் பார்த்தால் ஒரு கருவாட்டுத் துண்டு. கோழியையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடையாது. மெல்ல மெல்லக் கயிறு நீண்டது, கோழிகள் கிட்டே வந்தன. சடையனுக்குப் பாயத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக்கிடப்பான்.

ஒருநாள் செவலை என்ற இளங்கோழி அவன் வயிற்றோரம் வந்து ஒண்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். அந்தச் சூடு அவனுக்குப் பிடித்திருந்தது. வாத்தியார் கருவாடு நீட்டினார். தலையைத் தூக்கினால் அவள் விழித்துக்கொள்வாள் என்று அதைக்கூட வாங்கவில்லை. அன்றே கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

வேலிக்கு வெளியே ஒரு நரியும் தினமும் வந்து உட்கார்ந்து பாடம் கேட்டது. அசையாது, சத்தம் போடாது. “பிள்ளைன்னா இப்படி இருக்கணும்,” என்பார் வாத்தியார்.

அந்தப் பிள்ளை ஒரு மத்தியான வேளையில் வேலிக்குள் நுழைந்து செவலையைக் கவ்வியது. சடையனுக்குக் கற்றதெல்லாம் மறந்துபோனது. குரைத்தான், பாய்ந்தான், நரியின் காதைக் கடித்தான். கீழே விழுந்த செவலையை வலிக்காமல் வாயில் தூக்கிவந்து கூண்டருகே இறக்கி வைத்தான்.

சாயங்காலம் விசாரணை வைத்தார்கள். மூத்த கோழி கொண்டையம்மாள் கேட்டாள், மற்ற கோழிகள் பதில் சொல்லின.

“குரைச்சானா?”

“குரைச்சான்.”

“பாய்ஞ்சானா?”

“பாய்ஞ்சான்.”

செவலை குறுக்கிட்டாள். “நரி வாயிலேருந்துதான் என்னைப் பிடுங்குனாரு.”

“அதை யாரும் கேக்கல. உன்னை வாயில தூக்குனானா இல்லையா?”

“தூக்குனாரு.”

“நரி எப்படித் தூக்குச்சு?”

செவலை யோசித்தாள். “சத்தமில்லாம.”

கொண்டையம்மாள் எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா,” என்றான் சடையன் பூங்காவனத்திடம், “நான் பேசாமப் படுத்திருந்தா செவலை இப்ப உசுரோட இருக்கமாட்டா.”

“இதுதான் தம்பி உன் பிரச்சினை,” என்றார் வாத்தியார். “காரணம் சொல்றப்பவே குரல் உயருது பாரு.”

சடையனை வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். கொல்லைக் காவலுக்கு நரியை வைத்தார்கள். அதன் காதுக்குப் பூங்காவனமே மருந்து போட்டுவிட்டாள்.

வாசலில் கிடந்த சடையனுக்குக் கொல்லைச் சத்தம் நன்றாகக் கேட்கும். முதலில் கூட்டமாகக் கொக்கரிப்பு. பிறகு சிலர் மட்டும். ஒருநாள் பொழுது சாயும்போது செவலையின் குரல் கேட்டது, பாதியில் நின்றது. கழுத்துத் தோல் உரியச் சங்கிலியை இழுத்துக் குரைத்தான். பூங்காவனம் ஒரு குடம் தண்ணீரை அவன் தலையில் கொட்டினாள். “நரியைப் பாத்தாவது கத்துக்கடா.”

அதற்குப் பிறகு கொல்லைச் சத்தம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கொண்டையம்மாள் அதட்டும் சத்தமும் நின்றது.

வாத்தியார் இன்னொரு வீடியோ எடுக்க வந்தார். சடையனை அவிழ்த்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனார்கள். காலிக் கொல்லை. கூண்டுக் கதவு காற்றில் ஆடியது. அதன் பக்கத்தில் நரி, வாயைக் கையால் மூடி நாகரிகமாக ஏப்பம் விட்டது. சடையன் அதைப் பார்த்தான். எதைக் காப்பாற்றப் பாய்வது என்று தெரியவில்லை. படுத்துக்கொண்டான்.

“கவனிங்க,” என்றார் வாத்தியார் செல்போனைப் பார்த்து. “ஒரு கோழியையாவது துரத்துறானா?”

பூங்காவனத்துக்குக் கண் கலங்கியது. முதல் முறையாக அவன் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

நீதி: பொறுமையோடு காத்திருங்கள், கோழிகள் தீர்ந்ததும் நாய் தானே திருந்திவிடும்.