பதினான்கு வருடப் பழைய வானம்

கூலிம், கெடா.
திங்கள்கிழமை.

மதிப்பிற்குரிய மைத்துனர், குருண் நகரத்துக் கணினி மேதை சசிதரன் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் அழகேசன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா குணவதியும், என் ரத்த அழுத்தம் ஒன்றைத் தவிர, மற்றபடி சுகம். அங்கு நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்; அடுத்தவன் தலையில் விமானத்தை ஏற்றிவிட்டவருக்கு என்ன குறை. உங்களைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன் ‘நீங்கள்’ போட்டு எழுதுகிறேனே என்று வியக்க வேண்டாம். கோபம் வந்தால் நான் மரியாதையைக் குறைப்பதில்லை, கூட்டுவேன். வாட்சாப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவீர்கள். ஆகவே தாளும் தபால்தலையும்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் குற்றப்பத்திரிகையை முதலிலிருந்து எழுதுவதே முறை. மகள் நளினிக்குக் கோத்தா கினபாலுவில் அடுத்த மாதம் தலைப்பிரசவம். இங்கே வா என்றால், இனிமேல் பறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆகவே நாங்கள்தான் போக வேண்டும், நடுவில் கடல். அறுபத்தொரு வயது வரை விமானத்தில் கால் வைக்காமல் கௌரவமாக வாழ்ந்துவிட்டேன். அவள் அங்கே ஆசிரியையாகப் போய் நான்கு வருடம் ஆகிறது, ஒருமுறைகூட அவள் வீட்டு வாசலை நான் பார்த்ததில்லை. பயம் என்று யாரிடமும் சொன்னதில்லை, லீவு கிடைக்கவில்லை என்றேன். போன வருடம் ஓய்வு பெற்றதும் அந்தக் காரணமும் கையைவிட்டுப் போயிற்று. “நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க. நான் பேரப்பிள்ளய பாக்காம இருக்க மாட்டேன்,” என்று உங்கள் அக்கா தன் பெயருக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டாள். இந்த நேரம் பார்த்து நாங்கள் குருணுக்கு வர, நீங்கள் வைத்தியராக அவதாரம் எடுத்தீர்கள். “மாமா, இந்த பிளேன் ஓட்டுற கேம்ல பினாங்குலேர்ந்து கோத்தா கினபாலு வரைக்கும் நீங்களே பத்து தரம் ஓட்டிப் பாருங்க. அப்புறம் நெச பிளேன் ஒங்களுக்கு மினி பஸ் மாதிரி லா,” என்று உங்கள் பழைய கணினியை எங்கள் காரில் ஏற்றிவிட்டீர்கள்.

இருபத்தெட்டு வருடம் ஹைடெக் தொழிற்பேட்டையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்தவன் நான். செக் ஷீட்டில் கையெழுத்து விழாமல் ஒரு மெஷினையும் ஓடவிட்டதில்லை. ஆகவே முறையாகத் தொடங்கினேன். புது வண்டிக்குச் செய்வதுபோல் கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேசையின் நான்கு கால்களுக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். இந்த விமானத்துக்குச் சக்கரம் எது என்று தெரியாததால் மவுசுக்கு அடியிலும் ஒன்றை வைத்து அழுத்தினேன். சாறு உள்ளே இறங்கி, அன்றிலிருந்து மவுசு இடது பக்கம்தான் போகிறது. துணை விமானி என் பழைய ஷிப்ட் தோழர் ஜெரார்ட். வேளாங்கண்ணிக்கு மூன்று தடவை விமானத்தில் போய் வந்தவர், மூன்று தடவையும் ஜன்னலோரம். எங்கள் குடியிருப்புத் தாமானில் அதைவிடப் பெரிய தகுதி யாருக்கும் கிடையாது. பயணி உங்கள் அக்கா. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கச்சாங் பூத்தே கடலை கொறித்தாள்.

வழியைத் திட்டமிடுவது எப்படி என்று இரண்டு நாள் படித்தேன். வானத்தில் ரோடு கிடையாதாம். அங்கங்கே ஐந்து எழுத்தில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கோத்துக்கொண்டே போக வேண்டும். இந்தப் பெயர்கள், தரையில் நிற்கும் ரேடியோ கம்பங்கள், இறங்குவதற்கான அலைவரிசைகள் எல்லாம் அடங்கிய பட்டியல் ஒன்று உண்டு. அதை இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள். இருபத்தெட்டு நாள், மைத்துனரே. கணினியோடு நீங்கள் தந்த பட்டியல் குறுந்தட்டின் மேல் உங்கள் கையெழுத்திலேயே 2011 என்று இருக்கிறது. நளினி அப்போது பள்ளியில் நான்காம் பாரம் படித்தாள். விளையாட்டு போன வருடத்தது, பட்டியல் பதினான்கு வருடத்துக்கு முந்தியது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. முதல் பயணத்தில் கடலுக்கு மேல் போனதும் விமானம் ஒரு ரேடியோ கம்பத்தைத் தேடி வட்டமடிக்கத் தொடங்கியது. பட்டியலில் கம்பம் இருக்கிறது, ஊரில் இல்லை, பிடுங்கிவிட்டார்கள். “நம்ம பழைய கம்பெனி பஸ் டிரைவர் மாதிரிதான். ஸ்டாப்ப எடுத்துட்டாங்கன்னு அவருக்கு யாரும் சொல்லல. இன்னும் அங்க நின்னு ஹார்ன் அடிச்சிக்கிட்டு இருக்காரு,” என்றார் ஜெரார்ட். நாற்பது நிமிடம் சுற்றி எண்ணெய் தீர்ந்து கடலில் விழுந்தோம். இரண்டாம் தடவை அந்தக் கம்பத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டுக் கோத்தா கினபாலு வரைக்கும் போய்விட்டேன். இறங்கும் அலைவரிசையைப் பட்டியல்படி போட்டால் பதிலே இல்லை. விமானம் ஊரைத் தாண்டி நேரே மலையைப் பார்த்துப் போகிறது. திருப்பலாம் என்றால் மவுசு இடது பக்கம்தான் போகும், அங்கேயும் மலை. மூன்றாவது, நான்காவது பற்றி எழுதக் கை வரவில்லை. ஒரு தடவைக்கு நூற்று எண்பது பேர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அக்கா ஒவ்வொரு தடவையும் எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, “இன்னைக்கும் செத்துட்டோமா? சரி, சோறு ஆக்குறேன்,” என்று போய்விடுகிறாள். முன்பெல்லாம் எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரியாமல் பயந்தேன். உங்கள் புண்ணியத்தில் இப்போது ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பயப்படுகிறேன்.

உங்களைப் போனில் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து புதுப் பட்டியல் போட்டுத் தருவதாகச் சொன்னீர்கள். இந்தப் புது வீட்டுக்கு நீங்கள் வந்ததே இல்லை என்பதால் வழியை நானே தெளிவாகச் சொன்னேன். கைப்பேசி காட்டும் வழியை நம்பாதீர்கள், அதற்கு நம்ம ஊர் தெரியாது என்று எச்சரிக்கவும் செய்தேன். நான் என்ன அப்படித் தப்பாகச் சொல்லிவிட்டேன்? கூலிமுக்குள் வந்து, ரப்பர் புகைக்கூடத்தில் திரும்பி, முனியாண்டி மளிகைக்கடை சிம்பாங் சந்திப்பில் வலது, பெரிய நாவல் மரத்தில் இடது. இதைவிட ஒரு மனுஷன் எப்படி விளக்குவான்? மூன்று மணி நேரம் கழித்துச் செர்டாங் பக்கம் ஏதோ செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து போன் வருகிறது.

“மாமா, பொகக்கூடம் எங்கதான் இருக்கு?”

“அத இடிச்சு பத்து வருஷமாச்சு. அது இருந்த எடத்துல திரும்பணும்.”

“சரி, முனியாண்டி கட?”

“அவரு செத்து ஏழு வருஷமாச்சு. இப்ப அது டயர் கட.”

“மரமாச்சும் இருக்கா மாமா?”

“ரோட்ட பெருசாக்குறப்ப வெட்டிட்டாங்க. ஆனா எல்லாருக்கும் தெரியும் லா.”

நீங்கள் போனை வைத்தீர்கள். பிறகு குருணுக்கே திரும்பிப் போய்விட்டீர்கள். கெடாவில் பிறந்து கெடாவில் வளர்ந்த ஆளுக்குக் கெடாவில் வழி தெரியவில்லை. இவர் என்னைக் கடல் தாண்ட அனுப்புகிறார். பக்கத்தில் இருந்து இதையெல்லாம் கேட்ட ஜெரார்ட் அன்று முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே முடிவாக எழுதுகிறேன், நான் போகப்போவதில்லை. “அந்த பிளேன நீங்களா ஓட்டப் போறீங்க?” என்று உங்கள் அக்கா கேட்டாள். இல்லை என்றேன். “அப்புறம் என்ன?” என்றாள். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்குப் பயம்தான். பேரப்பிள்ளையை மடியில் வாங்கிக்கொள்ள ஆசை இருக்கிறது, ரொம்பவே இருக்கிறது, ஆனால் நடுவில் அந்தக் கடலும் இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய. படம் அனுப்பினால் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் கணினியை வந்து எடுத்துக்கொண்டு போகவும், வழி தெரிந்தால்.

உங்கள் மனைவி காஞ்சனாவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதில் மிச்சமிருக்கும் நாளிலாவது கொஞ்சம் திசையறிவையும் கொடுப்பானாக.

இப்படிக்கு,
தரையிலேயே இருக்கும்,
அழகேசன்.

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் நளினி போனில் கூப்பிட்டாள். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன், ஒருவேளை நான் வந்தால் அந்த ஏர்போர்ட்டிலிருந்து உன் வீட்டுக்கு எப்படி வழி, எந்தக் கடையில் திரும்பணும் என்று. “அதெல்லாம் ஒண்ணும் வேணாம்ப்பா. கதவ விட்டு வெளிய வாங்க, நான் வயித்தத் தள்ளிக்கிட்டு நிப்பேன். என்னய பாத்து நடந்து வந்தா போதும்,” என்றாள். மூக்கை உறிஞ்சினேன். சளி என்று சொல்லிச் சமாளித்தேன். டிக்கெட் எடுத்தாச்சு மச்சான், ஜன்னலோரம் வேண்டாம் என்று நடு சீட். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நீதான் வந்து எங்களைப் பினாங்கு ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட வேண்டும். வழியை உன் அக்கா தனியாக அனுப்புவாள், அதன்படியே வா. என் தலைக்குள் இருப்பதும் 2011 தட்டுதான் என்கிறாள்.