ஒரு லாரி அகலத்தில் ஓடிய ஆறு

"தெரியாது" என்று சொல்ல எனக்கு இருபத்து நான்கு வயது வரை வராது. எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பேன் (தப்பாக இருக்கும், ஆனால் பதில்!).

நிலவியல் படித்து முடித்ததும் சாஆ என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு களிமண் சுரங்கத்தில் வேலை கிடைத்தது. சுரங்கம் என்றதும் இருட்டுக் குகையை நினைக்காதீர்கள். வெயில் மண்டையைப் பிளக்கும் திறந்த பள்ளம். கூரை ஓடு செய்ய மண் தோண்டுகிறோம். அந்த மண்ணுக்கு நடுநடுவே நிலக்கரி அடுக்குகள் கறுப்பாக ஓடும். கரி கலந்த மண்ணில் செய்த ஓடு சூளையில் வெடித்துவிடும்.

மேனேஜர் செல்வநாதன் சார் என்னைக் கூப்பிட்டார். "எங்கெங்க கரி இருக்குன்னு வெள்ளிக்கிழமைக்குள்ள வரைஞ்சு குடும்மா. படம் சரியா இருந்தா வேலை கன்ஃபர்ம்."

அதற்குள் எங்கள் ஊர் லாபிஸில் அப்பா காப்பிக்கடை முழுக்கச் சொல்லி என் வேலையை கன்ஃபர்ம் செய்துவிட்டிருந்தார்.

முதல் இரண்டு அடுக்குகளைப் பார்த்துச் சொக்கிப்போனேன். இங்கே ஒரு காலத்தில் சதுப்புக் காடு இருந்திருக்கிறது. மரங்கள் தண்ணீரில் விழுந்து, மேலே சேறு மூடி, எத்தனையோ லட்சம் வருடம் நசுங்கிக் கரியாகியிருக்கின்றன. கரிக்குக் கீழே உள்ள களிமண்ணைச் சுரண்டினால் அந்தக் காட்டின் வேர்த்தடங்கள் மெல்லிய கோடுகளாகத் தெரிகின்றன! சுரண்டிக்கொண்டே இருந்ததில் மதியத்துக்குக் கட்டி வந்த தேங்காய்ப்பால் சோற்றை, என் நாசி லெமாக்கை, எறும்புகள் சாப்பிட்டு முடித்தன.

மூன்றாம் நாள் பள்ளத்தின் மேற்குச் சுவரில் புதிதாக ஒரு கரி அடுக்கு கண்ணில் பட்டது. கீழே வேர்த்தடம் இல்லை. வரிசையாகக் கற்கள். அகலம் நான்கு மீட்டர். 'பழங்கால ஆறு' என்று உடனே எழுதிவிட்டேன். கற்களெல்லாம் கூர்கூராக இருந்தன (ஆற்றுக்கல் உருண்டையாக இருக்கும் என்று முதல் வருடமே படித்தேன். அது பரீட்சைக்குப் படித்தது).

மண்வாரி இயந்திரம் ஓட்டும் ஆரோக்கியம் அண்ணன் இறங்கி வந்தார்.

"தங்கச்சி, அது வந்து..."

"அண்ணே, இது ஜியாலஜி. அப்புறமா விளக்குறேன்."

"சரி லா," என்று தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மேனேஜருடன் ஓட்டுத் தொழிற்சாலை முதலாளியும் வந்திருந்தார். ஆறு எந்தத் திசையில் ஓடியது என்று கையை வீசி விளக்கினேன். மாதிரி எடுத்துக் காட்டலாமென்று சுத்தியலால் ஒரு போடு போட்டேன். கரி உதிர்ந்தது. உள்ளிருந்து நீல நிற வார் ஒன்று எட்டிப் பார்த்தது. இழுத்தேன். ரப்பர் சிலிப்பர். இடது கால்.

மேனேஜர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அந்தக் காலத்துல இதப் போட்டுக்கிட்டுத்தான் ஆத்துல இறங்குனாங்களா?"

"அலமாக்! என் சிலிப்பரு!" ஆரோக்கியம் அண்ணன் ஓடி வந்தார். "போன வருஷம் மழையில லாரி மாட்டிக்கிச்சு சார். நீங்க வர்றதுக்கு முந்தி. நான்தான் ஜல்லியக் கொட்டி, அது மேல கரிக்கழிவப் போட்டுப் பாதை போட்டேன். அப்புறம் மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. அன்னிக்கு அதத்தான் சொல்ல வந்தேன். தங்கச்சி ஜியாலஜின்னுச்சு."

மூஞ்சியில் கரி பூசிக்கொள்வது என்பார்களே, எனக்கு நெற்றி, மூக்கு, கன்னம் என்று நிஜமாகவே பூசியிருந்தது. வேலை போச்சு, காப்பிக்கடையில் அப்பா மானமும் போச்சு என்று நின்றேன்.

மேனேஜர் படத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "ஆறு மட்டும் வேணாம். அடுக்கு இருக்கட்டும். எப்ப வந்த கரியா இருந்தாலும் ஓடு வெடிக்கும்."

மூன்று மாதம் தள்ளி வேலை கன்ஃபர்ம் ஆனது. அந்தப் படத்தில் இன்றைக்கும் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்கு, அடுத்து 'சிலிப்பர் அடுக்கு' என்று இருக்கிறது. எழுதியது நான் இல்லை.

வீட்டு வாசலில் அப்பாவின் சிலிப்பர் ஒன்று காணாமல் போனால் போதும், ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுவார்: "அம்மாடி, சுத்தியல எடுத்துக்கிட்டு வா. ஆறு எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"தெரியாதுப்பா," என்பேன்.